ஓ.கே. என்னும் சொல்லின் பிறப்பு



உலகத்து மொழிகள் பலவற்றிலும் விளக்கம் எதுவும் வேண்டாமல் வழங்கும் சொல் யாது என்று வினவினால், தாயைக் குறிக்கும் சொல் என்றோ இறைவனைக் குறிக்கும் சொல் என்றோ விடை கூறத் தோன்றும். ஆயின் அவை மொழிக்கு மொழி வேறுபடுவன. ஜப்பானியரும் அராபியரும் பிரெஞ்சுக்காரரும், நம் நாட்டுச் சிங்களவரும் தமிழரும் ஏறக்குறைய ஒரே ஒலியோடும் ஒரே பொருளோடும் ஆளுகின்ற சொல் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகள் இரண்டினால் ஆகிய 'ஓ.கே.' என்பதே அது. 1969ஆம் ஆண்டு யூலை 20ஆந் திகதி சந்திரனிலே மனிதர் முதன்முறை இறங்கியபோது, கலத்தின் இயந்திரம் நின்றதை அறிவித்த விண்வெளி வீரர் ஓல்ட்ரினின் வாயினின்று முதலில் வந்ததும் இச்சொல்லே.

இத்துணைப் பெருவாழ்வு பெற்ற சொல் எங்குப் பிறந்தது? யார் பெற்ற பிள்ளை? நூறாண்டுக்கு மேலாக இவ்வினாவுக்கு விடைகள் பல கூறப்பட்டு வந்தன. விடை கிடையாமையன்று, விடைகள் மிகுந்தமையே இங்குத் தொல்லையாயிற்று.

கிரேக்கர் இது தம்முடையது என்றனர். 'எல்லாம் நன்று' என்ற பொருளில் அவர்கள் வழங்கும் 'ஓலா கலா' என்னுந் தொடரின் முதலெழுத்துகள் இவையாம். ஸ்கொத்லாந்தார் 'ஓக் ஐ' என்னுந் தம் ஆமோதிப்பு மொழியே இவ்வாறு திரிந்தது என்றனர். ஹெயிற்றித் தீவிலே ஓ காய் என்றொரு துறைமுகம் உண்டு. அங்கிருந்து வந்த றம் என்னும் மதுவின் சிறப்பை மாலுமிகள் பாராட்டிய வகையில் இச்சொல் பிறந்தது என்றனர் வேறு சிலர். ஓபதையா கெலி என்னும் இரயில்வே எழுத்தர் ஒருவர் பொதிகளின்மேல் இட்ட கையொப்பம் என்பது ஒரு கதை. ஒறின் கெண்டல் என்பாரின் விசுக்கோத்துகளில் பொறித்த முத்திரை என்பது மற்றொரு கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரிலே பசித்திருந்த வீரர் அவ்விசுக்கோத்தை உண்டு மகிழ்ந்தனராம். அந்தப் போர் நிகழ்ந்தது 1861 முதல் 1865 வரையில். இந்த ஆண்டுகளை மட்டும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இவற்றிலும் மதிப்பு மிக்க கொள்கை, அமெரிக்கப் பழங்குடியினருள் ஒரு சாராராகிய சொக்டோ மக்களின் மொழியைப் பற்றியது. 'அது அவ்வாறே' என்னும் பொருளில் 'ஓக்கே' என ஒலிக்கும் சொல் ஒன்று அம்மொழியில் உண்மையாகவே உண்டு. 1913 முதல் 1921 வரை அமெரிக்க சனாதிபதியாயிருந்தவரும், பல்கலைக்கழகத் தலைவராய் விளங்கியவருமான வூட்றோ வில்சன் இக்கொள்கையை ஏற்றார். தம் முன் வந்த ஆவணங்களில் ஒப்புதல் எழுதும்போது அவர் எல்லாரும் எழுதுவதுபோல் இரண்டெழுத்தாக எழுதாது, சொக்டோ மொழிக்கு உரியது என்று கருதிய எழுத்துக்கூட்டலிலேயே எழுதினார். கற்றறிந்த சனாதிபதி ஒருவரே அவ்வாறு எழுதியபின் மறுப்பார் யார்?

மேற்கு ஆபிரிக்காவின் வொலொஃப் மொழியில் 'ஆம்' என்பதை அழுத்திக் கூறும் ஒரு தொடர் உண்டு, அதுவே அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வாயிலாக அமெரிக்காவை அடைந்தது என்ற கருத்தையும் ஆராய்ச்சியாளர் எழுப்பினர். இக்கருத்தை நகைத்து ஒதுக்குதல் முறையன்று. அம்மக்கள் ஆங்கிலத்துக்கு அளித்த சொற்கள் உள. நிலக்கடலைக்கு அமெரிக்காவின் தென்பகுதியார் வழங்கும் 'கூபர்' என்ற சொல்லும், வெண்டிக்காய் இட்டுச் சமைக்கும் 'கம்போ' என்ற உணவின் பெயரும் ஆபிரிக்க மொழிகளினின்று வந்தவை. அவர்களுடைய பங்கினை நெடுங்காலம் மறைத்தே பேசினர் என்பதும் மெய். ஆயினும் ஒருவருக்கு உரிய புகழை மறுத்தமைக்குக் கழுவாயாக, அவருக்கு உரியதல்லாத மற்றொன்றைக் கொடுத்தல் நீதியாகாது.

இக்கொள்கைகள் யாவற்றையும் ஒரே தராசில் இட்டு நிறுத்துப் பார்த்தவர் அலன் வோக்கர் றீட் என்னும் பேராசிரியர். நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். 1906இல் பிறந்து 2002இல் மறைந்தார். அவர் கைக்கொண்ட வழி மிக எளியது. ஆனால் பொறுமையை வேண்டுவது. ஒலி ஒற்றுமையை அவர் கேட்கவில்லை. கதையின் இனிமையைக் கேட்கவில்லை. திகதியிட்ட தாளில் இச்சொல் முதன்முதல் எங்கே அச்சாகியுள்ளது என்ற ஒன்றனையே கேட்டார். பழைய பத்திரிகைகளைப் பத்தி பத்தியாகப் படித்தார்.

1941ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முதற் கட்டுரை, 1840ஆம் ஆண்டின் தேர்தற் கிளர்ச்சியிலே இச்சொல் வழங்கியதைக் காட்டியது. அதுவே தோற்றுவாய் என்று அப்போது அவர் கருதினார். மற்றொருவராயின் அம்மட்டில் மனநிறைவு கொண்டிருப்பர். அவரோ தேடுவதை விட்டாரில்லை. இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1963இலும் 1964இலும் 'அமெரிக்கன் ஸ்பீச்' என்ற ஆராய்ச்சி இதழில் தொடர் கட்டுரைகளாக எழுதித் தம் பழைய முடிபைத் தாமே திருத்தினார். சொல்லின் பிறப்பு 1840இலன்று, அதற்கும் ஓராண்டு முற்பட்டது என்று நிறுவினார்.

பொஸ்டன் நகரில் வெளிவந்த 'மோர்ணிங் போஸ்ட்' என்னும் நாளிதழின் 1839ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆந் திகதிப் பிரதி. அதன் இரண்டாம் பக்கம். ஆசிரியர் சார்ல்ஸ் கோடன் கிறீன் என்பவர். உணவு வேளையை அறிவிக்க மணி அடித்தலைத் தடுத்த நகரச் சட்டமொன்றை எள்ளுவதற்கென்றே பொஸ்டனில் நகைச்சுவையாளர் சிலர் ஒரு சங்கம் கூட்டியிருந்தனர். அச்சங்கத்தாரின் பயணம் ஒன்றைப் பற்றி அயல் நகராகிய புறொவிடன்ஸின் பத்திரிகை ஏதோ எழுத, அதற்குக் கிறீன் குறும்பாக விடை எழுதுகிறார். அந்த விடையின் நடுவே 'ஓ.கே.' என்ற எழுத்துகள் வருகின்றன. அவற்றை அடுத்து, 'எல்லாம் சரி' என்ற பொருள்தரும் 'ஓல் கொறெக்ட்' என்ற விளக்கமும் வருகிறது. அந்த விளக்கமே இங்கு முதன்மையான சான்று. யாவரும் அறிந்த சொல்லுக்கு எவரும் பொருள் எழுதுவதில்லை. படிப்பவருக்கு விளங்காது என்று ஆசிரியர் எண்ணினார், ஆகவே எழுதினார்.

ஆங்கிலம் அறிந்த நேயர்கள் இங்கு ஐயுறுவார்கள். 'ஓல்' என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கால் முதலெழுத்து 'ஏ' அல்லவா? 'கொறெக்ட்' என்பதன் முதலெழுத்து 'சீ' அல்லவா? அப்படியாயின் சுருக்கம் 'ஏ.சீ.' என்றன்றோ அமைதல் வேண்டும்? உண்மை. அந்தப் பிழையே வேடிக்கை. எழுத்தறிவு குறைந்த நாட்டுப்புறத்தான் ஒருவன் காதிற் கேட்டபடி எழுதினால் எவ்வாறு எழுதுவான் என்று நடித்துக் காட்டுவது அக்காலத்து அமெரிக்க நகைச்சுவையாளரின் வழக்கம். நம் தமிழில் எழுதுவதற்கும் ஒலிப்பதற்கும் இடையே அத்துணைத் தூரமில்லை. ஆதலால் இவ்விளையாட்டின் சுவை நமக்கு உடனே புலப்படாது. ஆங்கிலத்திலோ எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு பிள்ளையும் அழுதுகொண்டே கற்பது. பிழையாக எழுதுவது அங்கு நகைப்புக்கு என்றும் வற்றாத ஊற்று.

1838ஆம் ஆண்டளவிலே பொஸ்டன் பத்திரிகையாளரிடையே சொற்றொடர்களை முதலெழுத்துகளாகச் சுருக்கும் பித்து ஒன்று பரவியிருந்தது. அதனோடு இந்தப் பிழையெழுத்து விளையாட்டும் சேர்ந்துகொண்டது. 'நன்று' என்ற பொருள்தரும் 'ஓல் றைட்' என்பதைப் பிழைபட எழுதி 'ஓ.டபிள்யூ.' என்றனர். 'நடவாது' என்ற பொருள்தரும் 'நோ கோ' என்பதிலே, 'இல்லை' என்னுஞ் சொல்லை 'அறிதல்' என்னும் பொருளுடைய, அதே ஒலியுள்ள வேறொரு சொல்லாக எழுதி, 'கே.ஜீ.' என்று சுருக்கினர். இவ்வாறு பல. அவை யாவும் ஒரு சிறு வட்டத்தார் தமக்குள்ளே கண்சிமிட்டிப் பேசிக்கொண்ட மொழிகள்.

இத்தகைய மொழிக்கு நம் இலக்கணத்தில் பெயர் உண்டு. நன்னூலார் வழக்கை வகுக்குமிடத்து, தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாகக் குழூஉக்குறியை வைத்தார். ஒரு குழுவினர் தம்முள் வழங்கும் குறியே குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரையாளர் காட்டும் உதாரணங்கள். உள்ளே சென்றதும் சொல்லாததையெல்லாம் சொல்லவைக்கும் பொருளுக்குச் சொல்விளம்பி என்று பெயரிட்ட வேடனும், பொஸ்டன் நகரத்துப் பத்திரிகையாசிரியரும் ஒரே கலையிற் கைதேர்ந்தவர்களே. கொச்சை என்று நாம் முகஞ்சுளிக்கும் சொற்களுக்கும் வழக்கினுள்ளே ஓர் இருக்கை கொடுத்த நம் இலக்கணிகளின் பெருந்தன்மையை இங்கு நினைத்தல் தகும்.

குழூஉக்குறியின் ஆயுள் பெரும்பாலும் குறுகியது. ஓ.கே. அவ்வாண்டு முடிவதற்குள் நியூயோர்க், பிலடெல்பியா நகரங்களின் பத்திரிகைகளிலும் தலைகாட்டிற்று என்பது மெய்யே. எனினும் அதன் உடன்பிறப்புகளோடு அதுவும் மறைந்திருக்க வேண்டியதே. அதனைக் காத்தது ஒரு தேர்தல்.

1840இலே சனாதிபதியாயிருந்த மார்ட்டின் வான் பியூரன் இரண்டாம் முறையும் அப்பதவிக்குப் போட்டியிட்டார். நியூயோர்க் மாநிலத்திலே ஒல்லாந்தர் குடியேறிய கிண்டர்ஹூக் என்ற ஊரில் 1782இல் பிறந்தவர் அவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத அமெரிக்க சனாதிபதி அவர் ஒருவரே. வீட்டில் அவர் பேசி வளர்ந்தது ஒல்லாந்த மொழி. 'கிண்டர்ஹூக் முதியவர்' என்ற அவருடைய பட்டப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் அதன் முதலெழுத்துகளும் ஓ, கே என்றே அமையும். அவர் கட்சியினர் நியூயோர்க்கில் ஓ.கே. கழகம் என்று ஒன்றை அமைத்தனர். 'எங்கள் தலைவர் கிண்டர்ஹூக் முதியவர். அவரிருந்தால் எல்லாம் சரி' என்று ஒரே குறியில் இரு பொருள் அடங்கிற்று. சிலேடையில் பழகிய தமிழ் நெஞ்சம் இதனைச் சுவைக்கும். ஆயின் அக்கழகத்தார் கையில் இது புலவர் விளையாட்டாக இருக்கவில்லை. எதிர்க்கட்சியாரின் கூட்டத்தைக் கலைக்கச் சென்ற முரடர் இதனையே போர்க்குரலாக முழங்கினர்.

எதிர்க்கட்சியார் வாளாவிருப்பரோ? வான் பியூரனுக்கு முன் 1829 முதல் 1837 வரை சனாதிபதியாயிருந்த அண்ட்றூ ஜக்சன் அவருக்கு அரசியல் ஆசான். பாடசாலைப் படிப்புக் குறைந்தவர். அவர் அரசாங்கத் தாள்களில் ஒப்புதல் எழுதும்போது 'எல்லாம் சரி' என்பதைப் பிழைபட எழுதி, ஓ.கே. என்று சுருக்கினார் என ஒரு கட்டுக்கதையைப் பரப்பினர். கதை பொய். ஆயினும் அதனால் விளைந்த பயன் மெய். சனாதிபதியே தாள்களில் அவ்வாறு எழுதினார் என்று நம்பிய எழுத்தர்களும் வணிகர்களும் தாமும் தம் தாள்களில் அவ்வாறே எழுதத் தலைப்பட்டனர். இச்சொல் வேரூன்றுதற்கு அதன் உண்மையான பிறப்பைவிடப் பொய்யான பிறப்பே பெரிதும் உதவிற்று என்று கூறினும் தவறாகாது.

அக்கட்டுக்கதைக்கு ஆதாரம் தேடியோரும் உளர். டெனசி மாநிலத்தின் சம்னர் மாவட்டத்து நீதிமன்றப் பதிவேட்டில், 1790ஆம் ஆண்டிலே ஜக்சன் தொடர்பான ஓர் ஆவணத்தின் பக்கத்தில் ஓ.கே. என்று எழுதப்பட்டிருக்கிறது என்றனர். ஏட்டை நுணுகிப் பார்த்தபோது அது 'ஓ.ஆர்.' என்பது தெரிந்தது. 'பதியுமாறு கட்டளை' என்பதன் சுருக்கம் அது. விரைந்தெழுதும் எழுத்தரின் கையில் ஆங்கில 'ஆர்' எழுத்தின் தலை சற்றுத் திறந்துவிட்டால் அது 'கே' எழுத்தாய்த் தோன்றும். ஏட்டுச்சுவடி படித்துப் பழகிய நம்மவருக்கு இது புதிதன்று. ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா, காலா ரகரமா என்ற மயக்கத்தினால் எத்தனை பாடபேதங்கள்!

வான் பியூரன் தோற்றார். தேர்தற் குழுவின் வாக்குகளிலே அவர் பெற்றவை 60. வென்ற ஹரிசன் பெற்றவை 234. வென்றவரும் பதவியேற்ற ஒரு திங்களிலே இறந்துபோனார் என்பது வேறு கதை. தலைவர் தோற்றாலும் சொல் தோற்கவில்லை. 1844இல் மோர்ஸ் தந்திமுறை வோஷிங்டனுக்கும் போல்டிமோருக்கும் இடையே தொடங்கிற்று. செய்தி பழுதின்றி வந்து சேர்ந்தது என்று தெரிவிக்கத் தந்தியாளருக்கு ஒரு குறுஞ்சொல் வேண்டியிருந்தது. இரண்டே எழுத்து, மயங்குதற்கு இடமில்லை.  இரயில் பாதைகள் நீண்ட இடமெல்லாம் தந்திக் கம்பியும் சென்றது. தந்திக் கம்பி சென்ற இடமெல்லாம் ஓ.கே.யும் சென்றது. விசுக்கோத்துக் கதைக்குரிய போர் தொடங்கியபோது இச்சொல்லுக்கு வயது இருபத்திரண்டு.

இத்தனை சான்று கிடைத்த பின்னரும் பழங்கதைகள் மாயவில்லை. ஏன்? உலகெங்கும் ஆட்சி செய்யும் சொல், மார்ச்சு மாதத்து ஒருநாட் காலையில் யாரோ ஒரு பத்திரிகைக்காரர் செய்த எழுத்துப்பிழை வேடிக்கையிற் பிறந்தது என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. பெரியதற்குப் பெரிய தோற்றுவாய் இருத்தல் வேண்டும் என்று எண்ணுகிறோம். அரசரானவர்க்குச் சூரிய குலமோ சந்திர குலமோ தேடிக் கொடுத்த புலவரின் மனப்பான்மையே இதுவும்.

இப்பழக்கம் நம்மிடம் இல்லையென்று சொல்ல இயலாது. விரும்பினால் இச்சொல்லைத் தமிழாக்கிவிடுதல் எத்துணை எளிது என்று பாருங்கள். யாழ்ப்பாணத்திலே ஒருவர் சொல்வதை ஏற்கும்போது 'ஓம்' என்கிறோம். மரியாதைப்பட இசைவு கூறும்போது அதனையே நீட்டுகிறோம். ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. வேண்டியது ஒரு கப்பல். கப்பலும் உண்டு! வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. குளொஸ்டர் பொஸ்டனுக்கு அண்மையிலுள்ள துறை. இனி என்ன வேண்டும்? வல்வெட்டித்துறை மாலுமியின் 'ஓம்' பொஸ்டன் பத்திரிகையாளரின் காதில் விழுந்து ஓ.கே. ஆயிற்று என்று எழுதிவிட்டால், கேட்போர் சிலர் மகிழ்வர்; அவருள்ளும் சிலர் நம்புவர். ஆனால் அன்னபூரணி குளொஸ்டரை அடைந்தது 1938ஆம் ஆண்டில். பொஸ்டன் பத்திரிகையில் அச்சொல் அச்சாகித் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

ஒலியும் பொருளும் ஒத்துவிடுதல் அரிய காரியமன்று. உலகத்து மொழிகள் பல ஆயிரம். மனிதவாய் ஒலிக்கும் ஒலிகளோ சில. எங்கேனும் இரண்டு முட்டிக்கொள்ளவே செய்யும். அந்த முட்டலைக் கொண்டு நம் மொழியின் பெருமையை நாட்ட முயல்வோர், திகதி என்னும் சிறு முள்ளை எவரேனும் எடுத்து நீட்டியதும் அப்பெருமையையும் சேர்த்தே இழக்கின்றனர். தமிழினின்று ஆங்கிலம் ஐயமறப் பெற்ற சொற்கள் இருக்கின்றன. சுருட்டும் கட்டுமரமும் மிளகுதண்ணியும் ஆங்கில அகராதிகளில் தமிழ்ப் பிறப்போடு வீற்றிருக்கின்றன. உள்ளதைச் சொல்வதற்கே பொழுது போதாது.

இனி, இச்சொல் நம் பேச்சில் செய்யும் தொழிலைச் சற்று நோக்குவோம். 'சரி' என்ற நல்ல சொல் நமக்கு இருக்கையில் இது எதற்கு என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. 'சரி' என்பதில் ஒரு நியாயத் தீர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிழையல்ல என்ற பொருள் அதன் அடியில் கிடக்கிறது. ஓ.கே. என்பதிலோ அத்தகைய மதிப்பீடு எதுவுமில்லை. சமையல் எப்படியிருந்தது என்று வீட்டார் கேட்கும்போது ஓ.கே. என்று விடை கூறிய கணவன், புகழவுமில்லை, பழிக்கவுமில்லை. அவன் தப்பிவிட்டான் என்று கருதுவது அவனுடைய எண்ணம் மட்டுமே. தந்தியாளர் கையில் பெற்ற பழக்கம் இது. செய்தி வந்தது என்பதற்கே அவர் பொறுப்பு. செய்தி நல்லதா கெட்டதா என்பது அவர் கூறவேண்டியதன்று.

தமிழில் இதனோடு 'பண்ணு' என்னும் வினையைச் சேர்த்து, அனுமதி கொடுத்தல், முடிவு செய்தல் ஆகிய பொருள்களையும் வருவித்துக்கொண்டோம். கட்டுரையிலும் விண்ணப்பத்திலும் இது புகுவதை நான் விரும்பேன். ஒப்புதல், இசைவு, உடன்பாடு என்று நுண்ணிய வேறுபாடுடைய சொற்கள் அங்குக் காத்திருக்கின்றன. பேச்சிலிருந்து இதனை விரட்டுவதோ இயலாத காரியம்.

இக்காலத்து இளைஞர் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பும்போது இரண்டெழுத்தும் மிகையென்று கருதி, முதலெழுத்தையும் விட்டுவிட்டு ஆங்கிலக் 'கே' ஒன்றனை மட்டும் இட்டு அனுப்புகின்றனர். 'கொறெக்ட்' என்னுஞ் சொல்லை முறையாக எழுதினால் அதன் முதலில் வாராத எழுத்து அது. 1839இலே கிறீன் தம் பத்திரிகையில் பிழையென்று தெரிந்தே அச்சிட்ட அந்த எழுத்து, இன்று துணையொன்றுமின்றித் தனித்து நின்று 'எல்லாம் சரி' என்கிறது.